செக்சம் எடுக்க எது தோது: ஷெல்லா, பைதானா, ஹாஷ்டீப்பா, பிளேக்3-ஆ?

இரண்டு ஹார்டு டிஸ்கில் ஒரே ஃபோல்டரை நகலெடுத்து வைத்திருக்கிறேன். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதானா என்று எப்படிப் பார்ப்பது? கல்யாண வீடியோ எடுப்பவர் கேட்டாலும், பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்ப்பவர் கேட்டாலும், பாட்டி பாடிய தாலாட்டைப் பதிந்து வைத்திருப்பவர் கேட்டாலும் கேள்வி இதுதான். செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்; ஹாஷ் என்றும் சொல்வார்கள்) எடுத்து வையுங்கள் என்று சொன்னால் அடுத்து ஒரு சரம் கேள்வி வரும். எம்டி5 போதுமா? ஷா-256 வேண்டுமா? ஷெல் ஸ்கிரிப்டா, பைதானா? பிளேக்3 ரொம்ப வேகமாமே? இந்த விசாரணையிலேயே இரண்டு வாரம் ஓடிவிடும். செக்சம் மட்டும் எடுத்தபாடில்லை.

அல்காரிதம் (எம்டி5, ஷா-256, பிளேக்3 போன்ற கணக்கிடும் முறை) எது என்பதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி. பிற்பாடு காலை வாருவது வேறொன்று. இன்று எடுத்த செக்சம் பட்டியலை ஐந்து வருடம் கழித்து, வேறொரு கணினியில், ஒருவேளை வேறொருவர் சரிபார்க்க முடியுமா? எடுத்த ஸ்கிரிப்ட் தொலைந்தாலும் பட்டியல் பயன்பட வேண்டும். கீழே ஒவ்வொரு வழியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## முதலில் அளவுகோல்கள்

பயம் எதைப் பார்த்து? டிஸ்க் தேய்ந்து ஒரு பிட் புரள்வதும், கேபிள் ஆடி நகல் பாதியில் நிற்பதும் தற்செயல். யாரோ வேண்டுமென்றே கோப்பை மாற்றிவைப்பது விஷமம். தற்செயலைப் பிடிக்க எந்தச் செக்சமும் போதும். விஷமத்துக்கு நல்ல ஹாஷ் வேண்டும், அதோடு பட்டியல் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பைத் தாங்கள் கைவைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். இணைப்பையே மாற்ற முடிந்தவனுக்கு, பக்கத்தில் போட்டிருக்கும் செக்சத்தை மாற்ற எவ்வளவு நேரமாகும்? பட்டியலுக்கு ஜிபிஜி கையொப்பம் (வெளியிட்டவரை உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம்) இல்லாதவரை, கோப்பு வழியில் பழுதாகவில்லை என்பதை மட்டுமே செக்சம் சொல்லும். யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது.

நேரத்தைத் தின்பது எது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், நொடிக்கு 120 எம்பி வேகத்தில் படிக்கிறது என்றால் முழுவதையும் படிக்க ஏறக்குறைய 4 மணி 38 நிமிடம். எம்டி5 போட்டாலும் அதே நேரம், ஷா-256 போட்டாலும் அதே நேரம். புராசசர் பாதி நேரம் டிஸ்குக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் கதை மாறும்: டிஸ்க் நொடிக்கு 3 ஜிபி கொடுக்க, ஷா-256-க்கான தனி ஆணைகள் இல்லாத பழைய புராசசர் சுமார் 400 எம்பிதான் விழுங்கும். 500 ஜிபிக்கு 3 நிமிடத்தில் முடிய வேண்டியது 20 நிமிடம் இழுக்கும். ஏஎம்டி ஸென் வரிசையிலும் இன்டெலின் ஐஸ் லேக் முதலான சிப்களிலும் அந்த ஆணைகள் உண்டு. ராஸ்ப்பெரி பை 4-இல் கிடையாது, 5-இல் உண்டு.

யார், எதில் சரிபார்ப்பார்கள்? இதைத்தான் முதலிலேயே சொன்னேன். உங்கள் மகளிடம் விண்டோஸ் லேப்டாப் மட்டும் இருக்கலாம். நூலகத்தில் மேக் இருக்கலாம்.

ஃபோல்டர் முடிந்துபோனதா, இன்னும் வளர்கிறதா? ஒரு கல்யாண ஆல்பம் அதோடு முடிந்தது. ஸ்கேன் தொகுப்பு வாராவாரம் வளரும். இரண்டுக்கும் ஒரே ஸ்கிரிப்ட் சரிவராது.

தவறினால் சத்தம் போடுமா? ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால் ஸ்கிரிப்ட் நின்று கத்த வேண்டும். கமுக்கமாக அடுத்ததுக்குப் போய்விடுகிற ஸ்கிரிப்டைவிட ஸ்கிரிப்ட் இல்லாமலே இருக்கலாம்.

கடைசியாக ஒன்று, நம்மவர்களுக்கு மட்டும்: கோப்புப் பெயர்கள் தமிழிலா? இதற்குத் தனிப் பகுதியே தேவைப்படுகிறது.

## அல்காரிதம்: அரை மணி நேரப் பேச்சு

| பெயர் | வெளியான ஆண்டு | ஹெக்ஸ் எழுத்துகள் | தற்செயல் பழுது | விஷமம் | கிடைக்கும் இடம் |
|---|---|---|---|---|---|
| சிஆர்சி-32 | மிகப் பழையது | 8 | பிடிக்கும் | பிடிக்காது | ஜிப் கோப்புக்குள்ளேயே உண்டு |
| எம்டி5 | 1992 | 32 | பிடிக்கும் | நம்பாதீர்கள் | எங்கும் |
| ஷா-1 | 1995 | 40 | பிடிக்கும் | நம்பாதீர்கள் | எங்கும் |
| ஷா-256 | 2002 | 64 | பிடிக்கும் | பிடிக்கும் | எங்கும் |
| எக்ஸ்எக்ஸ்ஹாஷ்-64 | 2014 | 16 | பிடிக்கும் | பிடிக்காது | நிறுவ வேண்டும் |
| பிளேக்2பி | 2012 | 128 | பிடிக்கும் | பிடிக்கும் | லினக்ஸில் கூடவே வரும் |
| பிளேக்3 | 2020 | 64 | பிடிக்கும் | பிடிக்கும் | நிறுவ வேண்டும் |

எம்டி5 ஒரேயடியாகச் செத்துவிட்டது என்பதும் மிகை, ஒன்றும் ஆகவில்லை என்பதும் மிகை. 2004-இல் உடைந்தது ஒரே ஹாஷ் வரும்படி இரண்டு கோப்புகளைச் சேர்ந்தே தயாரிப்பது சம்பந்தப்பட்டது. நீங்கள் ஏற்கெனவே எடுத்துவைத்த ஒரு படத்தின் எம்டி5-க்குப் பொருந்தும்படி இன்னொரு கோப்பை நடைமுறையில் யாரும் உருவாக்கிக் காட்டவில்லை. ஷா-1-க்கும் அதே வகைத் தாக்குதல்தான்: 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் ஒரே ஷா-1 கொண்ட இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டன. ஆகவே வீட்டு ஆல்பத்தில் எம்டி5 பட்டியல் ஏற்கெனவே இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். புதிதாக எடுக்கும்போது ஷா-256 எடுங்கள். ஹார்டு டிஸ்கில் கூடுதல் நேரமும் ஆகாது என்று மேலே பார்த்தாயிற்று.

சிஆர்சி-32 பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு கோப்பு மாறியதா என்று பார்க்கப் போதும். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் கிடக்கிறதா என்று தேட எடுத்தால் கெடும்: மொத்தமே 429 கோடி மதிப்புகள்தான், சுமார் 77,000 கோப்புகள் சேர்ந்தாலே சம்பந்தமில்லாத இரண்டுக்கு ஒரே எண் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. போன் கேமரா வந்தபிறகு 77,000 படம் ஒரு பெரிய எண்ணிக்கையா என்ன?

எக்ஸ்எக்ஸ்ஹாஷ் சினிமாக்காரர்களின் செல்லம். படப்பிடிப்புத் தளத்தில் கேமரா கார்டைக் காலி செய்து உடனே திருப்பித் தர வேண்டிய அவசரத்தில் அது நியாயம். அந்த அவசரம் இல்லாதவர்களுக்கு அது தேவையில்லை.

## வழி 1: ஷெல், ஷா256சம்

ஃபைண்ட் கட்டளை கோப்புகளைத் தேடும், சார்ட் வரிசைப்படுத்தும், எக்ஸ்ஆர்க்ஸ் அவற்றை ஷா256சம்-இடம் கொடுக்கும். இரண்டு குழாய் (ஒரு கட்டளையின் விடையை அடுத்ததுக்கு அனுப்பும் பைப் குறி) போட்ட ஒரே வரி. வெளிவரும் பட்டியலில் ஒவ்வொரு வரியும் 64 எழுத்து ஹாஷ், இரண்டு இடைவெளி, கோப்புப் பெயர், அவ்வளவுதான்.

இந்த வழியின் மொத்த பலமும் அந்த எளிய வரி வடிவத்தில் இருக்கிறது. லினக்ஸில் ஷா256சம் இதைப் படிக்கும். மேக்கில் ஷாசம் படிக்கும். ரௌட்டரிலும் நாஸ் பெட்டியிலும் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) இருக்கும் பிஸிபாக்ஸ் படிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் படிக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் நோட்பேடில் திறந்து கண்ணால் ஒப்பிடலாம். வேறு கணினியில் வேறொருவர் சரிபார்க்கும் அளவுகோலில் இதை விஞ்சியது இல்லை.

ஆனால் மறைந்திருக்கும் செலவுகள் நிறைய. அனைத்தையும் நான் ஒரு முறையாவது அனுபவித்தாயிற்று.

பெயரில் இடைவெளி இருந்தால் சாதாரணக் குழாய் உடைந்துவிடும். "அப்பா 60 கல்யாணம்" என்ற ஃபோல்டர் மூன்று துண்டாகப் போய், மூன்றும் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று திரும்பும். ஃபைண்ட், சார்ட், எக்ஸ்ஆர்க்ஸ் மூன்றிலும் பெயர்களைப் பூஜ்ய பைட்டால் பிரிக்கும் விருப்பத்தைச் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்றில் விட்டாலும் போச்சு.

பட்டியலை அதே ஃபோல்டருக்குள் எழுதினால் பட்டியலே பட்டியலில் சேர்ந்துவிடும். ஷெல் முதலில் வெறுங்கோப்பைத் திறந்துவிட்டுத்தான் ஃபைண்டை ஓட்டும். பாதி எழுதிய நிலையில் அதற்கும் ஒரு ஹாஷ் எடுக்கும். அடுத்த மாதம் சரிபார்க்கும்போது எல்லாம் சரி, ஒன்று மட்டும் தவறு என்று வரும். முதல் தடவை இது நடந்தபோது டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து அன்று ராத்திரியே புது டிஸ்க் ஆர்டர் செய்தேன். பட்டியலை வெளியே எழுதிவிட்டு உள்ளே நகர்த்துங்கள்.

முழுப் பாதையோடு எடுக்காதீர்கள். இன்று இந்தப் பெயரில் இணையும் டிஸ்க் நாளை வேறு கணினியில் வேறு இடத்தில் இணையும், பட்டியலில் உள்ள ஒரு கோப்பும் அகப்படாது. ஃபோல்டருக்குள் நுழைந்து, 'இங்கிருந்து' என்று பொருள்படும் ஒற்றைப் புள்ளியிலிருந்து தேட வேண்டும்.

குழாயின் நடுவில் நிகழும் தவறு கடைசியில் தெரியாது. ஃபைண்டுக்கு ஒரு ஃபோல்டரில் அனுமதி இல்லாமல் போனாலும், ஷா256சம் தன் வேலையைச் சரியாக முடித்தது என்பதால் மொத்தமும் வெற்றி என்றே வரும். பாஷ் என்ற ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற அமைப்பைப் போட்டால் இது தீரும். கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) போட்டு ராத்திரி ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

கடைசி ஓட்டை பெரியது. சரிபார்க்கும்போது ஷா256சம் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே பார்க்கும். ஃபோல்டரில் புதிதாக நூறு கோப்பு வந்து சேர்ந்திருந்தாலும் வாய் திறக்காது. அந்த நூறுக்கும் காவல் இல்லை என்பதே உங்களுக்குத் தெரியாது. இதற்கு எளிய மருந்து: பட்டியலின் பெயரிலேயே அல்காரிதம், தேதி, கோப்பு எண்ணிக்கை மூன்றையும் எழுதிவிடுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் புதியது வந்திருக்கிறது.

வேகத்துக்காக எக்ஸ்ஆர்க்ஸை நான்கு கிளையாக ஓட்டலாம். எஸ்எஸ்டியில் பலன் உண்டு. சுழலும் டிஸ்கில் தலை அங்குமிங்கும் அலைந்து வேகம் குறையத்தான் செய்யும். வரிகளின் வரிசையும் கலைந்துவிடுவதால், இரண்டு பட்டியல்களை டிஃப் கொண்டு ஒப்பிடும் முன் மறுபடி வரிசைப்படுத்த வேண்டும்.

ஓர் உபரித் தகவல். ஈ3பி0சி442 என்று தொடங்கும் ஹாஷ் பட்டியலில் பல இடத்தில் வந்தால் அது வெறுங்கோப்பின் ஷா-256. பெயர் இருக்கிறது, உள்ளே பூஜ்ய பைட். பாதியில் நின்ற நகலைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

## வழி 2: பைதான்

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குக் கை இதை நோக்கித்தான் போகும். ஹாஷ்லிப் பைதானோடேயே வருகிறது. 3.11 பதிப்பிலிருந்து ஃபைல் டைஜஸ்ட் என்ற செயற்கூறும் வந்துவிட்டதால், கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும் சுழலை நீங்களே எழுத வேண்டியதில்லை. பழைய பதிப்பு என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். இணையத்தில் கிடக்கும் மாதிரிகளில் பாதி, கோப்பு முழுவதையும் ஒரே வாயில் மெமரிக்குள் இழுப்பவை. ஜேபெக் படத்தில் தெரியாது. 40 ஜிபி வீடியோ வந்தால் 8 ஜிபி லேப்டாப் மூச்சு முட்டி நின்றுவிடும்.

பைதான் பளிச்சிடும் இடங்கள் உண்டு. பட்டியல் வேறு வடிவில் இருக்கும்போது, உதாரணமாக: இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றப்பட்ட ஒவ்வொரு நூலின் ஃபோல்டரிலும் கோப்புகளின் எம்டி5, ஷா-1, சிஆர்சி-32 மூன்றும் கொண்ட எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று இருக்கும். பழைய தமிழ் நூல்களை அங்கிருந்து மொத்தமாக இறக்கியவர்கள், எல்லாம் முழுசாக வந்ததா என்று பார்க்க ஒரு முப்பது வரிப் பைதான் போதும். ஷெல்லில் எக்ஸ்எம்எல்லைப் பிரிப்பது தலைவலி.

வளரும் ஃபோல்டருக்கும் இது ஏற்றது. அளவும் மாற்றிய நேரமும் முன்போலவே இருக்கும் கோப்பை விட்டுவிட்டு, புதியவற்றுக்கு மட்டும் ஹாஷ் எடுக்கலாம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். டிஸ்கில் ஒரு பிட் புரண்டால் அளவும் மாறாது, நேரமும் மாறாது. 'மாறவில்லை, விடு' என்று ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போகும். எதைக் கண்டுபிடிக்கச் செக்சம் எடுத்தோமோ அது மட்டும் ஒருநாளும் கண்டுபிடிக்கப்படாது. சேர்ப்பது ஒரு கட்டளை, சரிபார்ப்பது வேறு கட்டளை. சரிபார்ப்பதில் எதையும் தாண்டக்கூடாது.

இன்னொரு செலவு வயது. இன்று எழுதிய ஸ்கிரிப்டை நாளை யார் பராமரிப்பது? பதிவை ஜேசனிலோ எஸ்க்யூலைட்டிலோ வைத்துக்கொள்ள ஆசை வரும். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியில் ஷா256சம் படிக்கும் அதே எளிய வரி வடிவில் ஒரு நகலையும் எழுதச் சொல்லுங்கள். நான் பைதானுக்கு விதிக்கும் ஒரே நிபந்தனை இதுதான். திஸ்கி (யூனிகோடு பரவுமுன் இருந்த தமிழ் எழுத்துக் குறியீடு) காலத்துப் பழைய டிஸ்குகளில் யூனிகோடு அல்லாத பெயர்கள் இருந்தால், பெயரை அச்சிடும் வரியிலேயே ஸ்கிரிப்ட் சுருண்டு விழலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

## வழி 3: ஹாஷ்டீப், ஆர்ஹாஷ்

நிரல் எழுத வேண்டாம், தயாராக இருப்பது வேண்டும் என்பவர்களுக்கு. ஹாஷ்டீப் தடயவியல் உலகத்திலிருந்து வந்தது, அதனால் கேள்வியே வேறு விதமாக இருக்கும். 'இந்தக் கோப்பு சரியா' என்று கேட்காமல் 'இந்த ஃபோல்டர் அன்று இருந்தபடி இருக்கிறதா' என்று கேட்கிறது. தணிக்கை முறையில் ஓட்டினால் மாறியவை, காணாமல் போனவை, புதிதாக வந்தவை, இடம் மாறியவை என்று தனித்தனியாகச் சொல்லும். வழி 1-இன் பெரிய ஓட்டை இங்கே இல்லை. படங்களை வருட வாரியாகப் பிரித்து அடுக்கியபின் ஓட்டிப் பாருங்கள். ஷா256சம் ஆயிரம் கோப்பைக் காணோம் என்று புலம்பும், ஹாஷ்டீப் அவை இடம் மாறியிருக்கின்றன என்று சொல்லும்.

விலை இரண்டு. முதலாவது, அதன் பட்டியல் வடிவம் அதற்கே உரியது: தலைப்பு வரிகள், பிறகு அளவு, எம்டி5, ஷா-256, பெயர் என்று காற்புள்ளியிட்ட வரிசை. ஷா256சம் இதைப் படிக்காது. இரண்டாவது, அதன் 4.4 பதிப்பு 2014-இல் வந்தது. அதோடு நின்றிருக்கிறது. இன்றும் ஓடுகிறது, லினக்ஸ் களஞ்சியங்களில் கிடைக்கிறது. இன்னும் பத்து வருடம் கிடைக்குமா என்று பந்தயம் கட்ட மாட்டேன். அதே பொதியில் வரும் ஷா256டீப் எளிய வரி வடிவில் எழுதும். உறவுப் பாதை (முழுப் பாதையாக இல்லாமல் 'இங்கிருந்து' தொடங்கும் பாதை) விருப்பத்தோடு அதையும் ஓட்டி ஒரு பட்டியலைக் கூடவே வைத்துவிட்டால் கவலை இல்லை.

ஆர்ஹாஷ் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். எவ்வளவு முடிந்தது என்று சதவீதம் காட்டும், நாலரை மணி நேர வேலையில் அது சின்ன ஆறுதல் இல்லை. பட்டியலில் புதிய கோப்புகளை மட்டும் சேர்க்கும் விருப்பமும் உண்டு. ஒன்றில் மட்டும் கவனம்: எந்த ஹாஷ் என்று சொல்லாமல் ஓட்டினால் சிஆர்சி-32 எடுத்துக் கொடுக்கும். ஷா-256 என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

## வழி 4: பி3சம்

பி3சம் என்பது பிளேக்3 ஹாஷ் எடுக்கும் கருவி. பிளேக்3 கோப்பைச் சிறு துண்டுகளாக்கி மரம்போல் ஹாஷ் செய்வதால், ஒரே பெரிய கோப்பையே புராசசரின் எல்லாக் கோர்களும் பங்கு போட்டுக்கொள்ள முடியும். ஷா-256-இல் அது முடியாது, முந்தைய துண்டு முடியாமல் அடுத்ததைத் தொட முடியாது. என்விஎம்இயில் 200 ஜிபி வீடியோக்களை அடிக்கடி சரிபார்ப்பவர்களுக்கு வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

சுழலும் டிஸ்கில் இந்த மிடுக்கு எடுபடாது. பல கோர்கள் ஒரே கோப்பின் பல இடங்களை ஒரே நேரத்தில் கேட்க, டிஸ்கின் தலை தடுமாறும். ஒரே இழையில் ஓடச் சொன்னால்தான் சீராகப் போகும், அப்போது பிளேக்3 எடுத்த காரணமே போய்விடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று: பிளேக்3-இன் விடையும் 64 எழுத்து, ஷா-256-இன் விடையும் 64 எழுத்து. பட்டியலுக்கு 'செக்சம்' என்று பொதுப்பெயர் வைத்துவிட்டால், ஐந்து வருடம் கழித்து அதை ஷா256சம்-இடம் கொடுப்பவருக்கு எல்லாக் கோப்பும் கெட்டுவிட்டதாகத் தெரியும். நல்ல டிஸ்கைக் குப்பையில் போட வைக்கும் தவறு இது.

## விண்டோஸ்காரர்களுக்கு

செர்ட்யூட்டில் எல்லா விண்டோஸிலும் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. எதுவும் சொல்லாவிட்டால் ஷா-1 தரும். டவுன்லோடு செய்த ஒரு ஐஎஸ்ஓவை (டிஸ்கின் பிம்பக் கோப்பு) சரிபார்க்கப் போதும். ஃபோல்டருக்குப் பவர்ஷெல்லின் கெட்ஃபைல்ஹாஷ் மேல், சொல்லாமலே ஷா-256 எடுக்கும். அதன் விடையை எளிய வரி வடிவுக்கு மாற்ற நாலு வரி எழுத வேண்டியிருக்கும். பவர்ஷெல் 5.1-இல் அம்புக்குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பினால் யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டில் எழுதிவிடும், லினக்ஸில் அந்தப் பட்டியல் குப்பையாகத் தெரியும். யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பாதைகளில் உள்ள பின்சாய்வுக் கோடுகளையும் முன்சாய்வாக மாற்ற வேண்டும்.

## ஸ்கிரிப்டே வேண்டாமா?

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் ஒவ்வொரு துண்டுக்கும் தாமே செக்சம் வைத்துக்கொள்ளும். இரட்டைப் பிரதி இருந்தால் கெட்டதை நல்லதிலிருந்து சரிசெய்தும் விடும். வீட்டில் நாஸ் வைத்திருப்பவருக்கு இதுவே நல்லது. ஆனால் கோப்பை எக்ஸ்ஃபேட் பென் டிரைவுக்கு நகலெடுத்து ஊருக்கு அனுப்பினால் அந்தக் காவல் கூடப் போகாது.

நூலகம், ஆவணக்காப்பகம் என்று ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால் பேக்இட் முறையைப் பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் கலிஃபோர்னியா டிஜிட்டல் நூலகமும் உருவாக்கியது, 2018-இல் ஆர்எஃப்சி 8493 என்ற இணையப் பொது ஆவணமாக வெளிவந்தது. பொருள் அனைத்தும் ஒரு ஃபோல்டரில், பக்கத்தில் ஷா-256 பட்டியல். அந்தப் பட்டியலின் வரி வடிவமும் ஹாஷ், இடைவெளி, பாதைதான். ஆகவே பேக்இட் மென்பொருள் இல்லாதவரும் ஷா256சம் கொண்டு சரிபார்க்கலாம். இதை வடிவமைத்தவர்களும் நான் சொல்லும் அதே கவலையைப் பட்டிருக்கிறார்கள்.

## தமிழில் பெயர் வைத்தால்

"கோலம்" என்று ஒரு படத்துக்குப் பெயர். இதில் 'கோ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி என்று ஒரே எழுத்தாக எழுதினால் 3 பைட். இரட்டைக் கொம்பும் காலும் என்று பிரித்து எழுதினால் 6 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒகரம், ஔகாரக் குறிகளுக்கும் இதே கதை. லினக்ஸுக்குப் பைட் மாறினால் அது வேறு கோப்பு. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அந்த டிஸ்கில் எடுத்த பட்டியலை, ஒட்டிய வடிவில் பெயர் கொண்ட லினக்ஸ் நகலில் ஓட்டினால் கொலு, கோலம், தோட்டம், பொங்கல் எல்லாம் 'காணவில்லை' என்று வரும். அம்மா, அப்பா, கல்யாணம் எல்லாம் சரியாக இருக்கும். கொம்பும் காலும் சேர்ந்த குறி இல்லாத பெயர்கள் மட்டும் தப்பிக்கும் இந்த விநோதத்தைப் பார்த்தவுடன் காரணத்தைப் புரிந்துகொள்ளலாம், கோப்புகள் எங்கும் போகவில்லை. கன்வ்எம்வி என்ற கருவி பெயர்களை ஒட்டிய வடிவுக்கு மாற்றித் தரும். தானாக மாற்றாது, முதலில் மாற்றப்போவதைக் காட்டும். பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கலாம்.

'கௌரி'யைச் சிலர் 'கெளரி' என்று ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டுவார்கள். அதை எந்தக் கருவியும் சரிசெய்யாது, அது எழுத்துப்பிழை.

பைதானில் எழுதுகிறவர்கள் பெயரை ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒட்டிய வடிவுக்கு மாற்றி ஒப்பிடலாம். இந்த ஒரு விஷயத்தில் பைதான் மற்ற எல்லாவற்றையும்விட மேல்.

## பக்கத்தில் பக்கமாக

| | ஷெல், ஷா256சம் | பைதான் | ஹாஷ்டீப் | ஆர்ஹாஷ் | பி3சம் |
|---|---|---|---|---|---|
| நிறுவ வேண்டுமா | லினக்ஸில் வேண்டாம் | பல இடங்களில் ஏற்கெனவே உண்டு | வேண்டும் | வேண்டும் | வேண்டும் |
| வேறு கணினியில் சரிபார்க்க | மிக எளிது | எழுதுகிற வடிவைப் பொறுத்தது | ஹாஷ்டீப் வேண்டும் | எளிது | பி3சம் வேண்டும் |
| புதிய கோப்பைச் சொல்லுமா | சொல்லாது | நீங்கள் எழுதினால் | சொல்லும் | சேர்க்கும் | சொல்லாது |
| இடம் மாறியதை அறியுமா | அறியாது | நீங்கள் எழுதினால் | அறியும் | அறியாது | அறியாது |
| தமிழ்ப் பெயர்ச் சிக்கல் | உண்டு | சமாளிக்கலாம் | உண்டு | உண்டு | உண்டு |
| ஹார்டு டிஸ்கில் வேகம் | டிஸ்கின் வேகம் | டிஸ்கின் வேகம் | டிஸ்கின் வேகம் | டிஸ்கின் வேகம் | ஒற்றை இழையில் டிஸ்கின் வேகம் |

## எந்த இடத்தில் எது

கல்யாண ஆல்பம், முடிந்துபோன ஆடியோ தொகுப்பு: வழி 1. வேறு யோசனை வேண்டாம்.

வாராவாரம் வளரும் ஸ்கேன் தொகுப்பு, தமிழ்ப் பெயர்கள், லினக்ஸும் மேக்கும் கலந்த வீடு: பைதான், எளிய வரி வடிவில் வெளியீட்டோடு. நிரல் எழுத நேரமில்லை என்றால் ஆர்ஹாஷ்.

ஃபோல்டர்களை அடிக்கடி மாற்றி அடுக்குகிறவர், பலர் கைவைக்கும் டிஸ்க்: ஹாஷ்டீப், கூடவே ஷா256டீப் பட்டியல்.

தினமும் நூற்றுக்கணக்கான ஜிபி, எஸ்எஸ்டியிலிருந்து எஸ்எஸ்டிக்கு: பி3சம். பட்டியல் பெயரில் பிளேக்3 என்று எழுத மறக்காதீர்கள்.

எந்த வழியானாலும் ஒன்று பொது. நகலெடுத்தவுடன் சரிபார்த்தால், கணினி பல சமயம் டிஸ்கைத் தொடாமல் தன் மெமரியில் இருக்கும் பிரதியைப் படித்தே 'சரி' என்று சொல்லிவிடும். டிஸ்கை முறையாகக் கழற்றி மறுபடி மாட்டிவிட்டுச் சரிபாருங்கள். பட்டியலில் தவறு என்று வந்தாலும் செக்சம் கோப்பைச் சரிசெய்து தராது. இரண்டாவது நகல் வேண்டும், அல்லது பார்2 போன்ற மீட்புக் கோப்புகளை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஸ்கிரிப்டைக் கிரானில் போடும் முன் ஒரு சோதனை. பத்துக் கோப்புகள் கொண்ட ஃபோல்டருக்குப் பட்டியல் எடுங்கள். ஒரு உரைக் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றுங்கள், இன்னொன்றை அழியுங்கள், புதிதாக ஒன்றைப் போடுங்கள், நான்காவதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பிறகு சரிபார்க்கும் கட்டளையை ஓட்டி, நான்கில் எத்தனையைச் சொல்கிறது என்று எண்ணுங்கள். ஷா256சம் மாறியதைச் சொல்லும், அழிந்ததையும் நகர்ந்ததையும் ஒரே மாதிரி 'இல்லை' என்று சொல்லும், புதியதைப் பற்றி எதுவும் சொல்லாது. உங்கள் சொந்த ஸ்கிரிப்ட் முதல் இரண்டையே சொல்லவில்லை என்றால் கோளாறு டிஸ்கில் இல்லை.